அபிப்பிராயப் புத்தகத்தில் நான் எழுதியது

விதி நான்கு: பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தப் புத்தகத்தில் அபிப்பிராயம் எழுதினால், உடன் வந்த பெரியவர் அதை முழுவதும் படித்துப் பார்த்து, அதன் பிறகே கீழே கையொப்பமிட வேண்டும்.

முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் கோப்புகளோடு குடித்தனம் செய்து ஓய்வு பெற்றவள் நான். இதைவிடத் தெளிவான விதியை அந்த முப்பத்து நான்கு வருஷத்தில் பார்த்ததில்லை. சர்க்கார் எழுதிய விதி அல்ல என்பது காரணமாக இருக்கலாம். மதுரையில் மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த காபி கிளப்பில், கல்லாவுக்குப் பக்கத்தில் சணல் கயிற்றில் தொங்கிய ஒரு நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்த விதி அது. என்னோடு பென்ஷன் வாங்கும் உங்களில் யாரும் அங்கே சாப்பிட்டிருக்க வாய்ப்பில்லை. இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கிறார்கள். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அனுபவம் உங்கள் எல்லாருக்கும் உண்டு. அதனால் உங்களிடம் சொல்லலாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். அம்மா பிரசவத்துக்காக வாடிப்பட்டியில் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு ஆபீஸ். அப்பா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். சமையலில் அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதிலும் எப்படியோ ஒரு தீய்ந்த வாசனை வந்துவிடும். ஆனையூரில் இருந்த அத்தை, தினமும் சாப்பாடு அனுப்புவதாகச் சொன்னாள். அப்பா மறுத்துவிட்டார். கூடப் பிறந்தவளின் சாப்பாட்டுக்கு மார்க் போட முடியாது என்பதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஆம், மார்க். ஆனி மாதம் தொடங்கி ஆவணி வரை, அப்பாவும் நானும் மதுரையின் கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் சாப்பிட்டோம். அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் நான்கு கட்டம்: சுத்தம், சூடு, ருசி, பரிமாறல். ஒவ்வொரு இடத்திலும் கை கழுவியதும் வாசலில் நின்று மார்க் போடுவார். என்னையும் கேட்பார். நான் சொன்னதை அவர் எழுதியதே இல்லை. ஆனாலும் கேட்பார். கலந்தாலோசித்து முடிவெடுப்பதுதான் முறை.

ஸ்டேஷன் பக்கத்துக் கிளப்பில் ஈ ஓட்டுவதற்கென்றே விசிறியோடு ஓர் ஆள் நின்றார். அவர் ஓட்டிய ஈக்கள் எல்லாம் எங்கள் மேஜைக்கு வந்தன. "ஈக்கு ஆள் போட்டுருக்கான், இலைக்கு ஆள் போடல" என்று சொல்லிவிட்டு அப்பா சுத்தத்துக்கு முட்டை போட்டார். இன்னோர் இடத்தில் நடுவே மரத் தடுப்பு இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பிராமணர்கள், இந்தப் பக்கம் மற்றவர்கள். சாம்பார் வாளி மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தது. அப்பா பாதித் தோசையில் எழுந்துவிட்டார். அந்தக் கிளப்புக்கு அவர் மார்க்கே போடவில்லை. பரீட்சைக்கு வராதவர்களுக்குப் போடுவதுபோல ஒரு கோடு மட்டும் கிழித்தார்.

கீழவாசல் பக்கம் ஒரு பாய் கடையில் இடியாப்பமும் ஆட்டுக்கறி ஆணமும் கிடைக்கும். அங்கே கறிக்குழம்பை ஆணம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போவோம். ருசிக்கும் சூட்டுக்கும் முழு மார்க். பரிமாறலுக்கு மிகக் குறைவு. கடைக்கார பாய், போதும் என்று கையை விரித்து மறைத்தால் விரல் இடுக்கில் ஊற்றுவார்.

"கேக்காமக் குடுக்குறது முறையில்லை பாய்" என்றார் அப்பா ஒருநாள்.

"பசிக்குதுன்னு பச்சப்புள்ள வாயத் தொறந்து கேக்குமா சார்? நாமளாத்தான் பாத்து ஊத்தணும்" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார் பாய்.

இப்படிச் சுற்றிக் கடைசியில் அந்தச் சந்துக் கிளப்புக்கு வந்து சேர்ந்தோம். தடுப்பு கிடையாது. வாசலில் ஈரப் பலகையில் அன்றைய பலகாரங்களைச் சாக்கட்டியால் எழுதியிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் சிக்கரி வாசனை, அதன் பின்னாலேயே பித்தளை டம்ளர்கள் தொட்டியில் விழும் சத்தம். நீளமான சலவைக்கல் மேஜைகள். ஒவ்வொரு மேஜையின் ஒரு முனையும் சுவரோடு ஒட்டியிருக்கும். அதனால் சுவரோரம் உட்காருகிறவருக்குப் பரிமாற வேண்டுமானால் வெளியே உட்கார்ந்திருப்பவரைத் தாண்டித்தான் கை வர வேண்டும். எல்லாக் கிளப்பிலும் இதே அமைப்புதான், எல்லாக் கிளப்பிலும் இதே சங்கடம்தான். வாளி அப்பாவின் தலைக்கு மேல் போகும், அவர் கோட்டில் ஒரு சொட்டு விழும். சுவரோரம் நான் உட்கார்ந்திருப்பதே பாதி நேரம் யாருக்கும் தெரியாது. இரண்டாம் தடவை சட்னி என்பது நான் அதுவரை கேள்விப்பட்ட விஷயம் மட்டுமே.

இந்தக் கிளப்பில் ஒரு சர்வர் இருந்தார். திருவாதவூர்க்காரர். இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியாக, துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டியிருப்பார்.

"வாங்க சார், வா பாப்பா. சுவரோரமாப் போயி உக்காரு. இட்லி இப்பத்தான் எறக்குனது."

"என்ன சாம்பார்?" என்றார் அப்பா.

"கத்திரிக்கா சாம்பார்னு உள்ள சொன்னாக. இன்னும் காயை நேருல பாக்கல சார். பாத்தா ஒங்க எலைக்குத்தான் மொதல்ல அனுப்புவேன்."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் நோட்டை வெளியே எடுக்கவும் இல்லை. சர்வர் மேஜையின் முனையில் நின்றார். வாளி அங்கேயே இருந்தது. கரண்டி மட்டும் அப்பாவின் தோளை உரசாமல், அவர் இலையைக் கடக்காமல், பக்கவாட்டில் நீந்திவருவதுபோல வந்து என் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் கேட்காமலேயே, இரண்டாவது தடவை சட்னியும் வந்தது. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எட்டிப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தில்தான் நின்றிருந்தார்.

பரிமாறலுக்கு இருபத்தைந்துக்கு இருபத்து நாலு போட்டார் அப்பா. மீதி ஒன்று அவருடைய கௌரவத்துக்கு. அன்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைக் காலை தவிர, தினமும் காலையும் மாலையும் அங்கேதான்.

இனி அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப்பின் முதலாளி கோயம்புத்தூரில் இருந்தார். வெவ்வேறு ஊர்களில் அவருக்குக் கிளப்புகள் இருந்தன. நேரில் வந்து பார்க்க முடியாததால், ஒவ்வொரு கிளப்பிலும் அபிப்பிராயப் புத்தகம் என்று ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருந்தார். மாதக் கடைசியில் நோட்டு ரயில் பார்சலில் அவரிடம் போகும், புது நோட்டு வரும். மதுரையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த மேனேஜர், முதலாளியினுடைய மனைவியின் தம்பி. நோட்டை அனுப்பும் முன் அவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி ஆறு. அவர் அதைக் கீரைக்கட்டு மாதிரி கட்டி அனுப்புவார். கீரைக்கட்டையாவது பிரித்துப் பார்ப்பார்.

நோட்டோடு ஒரு காப்பிங் பென்சிலும் கட்டியிருக்கும். இப்போது அது கிடைப்பதில்லை. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா நிறமாகிவிடும், பிறகு அழிக்கவே முடியாது. நாக்கும் ஊதாவாகிவிடும். அதற்காகவே எனக்கு எழுத ஆசை.

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஆணத்துக்குப் பதிலாக அன்று கிளப்புக்குப் போயிருந்தோம். அப்பா வெற்றிலை போட்டபடி, "நீ ஒரு அபிப்பிராயம் எழுது பாப்போம். ஆபீஸ் கடுதாசி மாதிரி இருக்கணும்" என்றார். நான் முக்காலியில் ஏறி நின்று எழுதினேன்:

"ஐயா, இங்கே இட்லி நன்றாக இருக்கிறது. சட்னியில் மணல் இருந்தது. பரிமாறுகிறவருக்குக் கை நீளம். இதை எல்லாரும் கவனிக்க வேண்டும். இப்படிக்கு."

'எல்லாரும் கவனிக்க வேண்டும்' என்பது அப்பாவின் ஆபீஸ் சுற்றறிக்கையில் நான் பார்த்து வைத்திருந்த வாக்கியம். மற்ற கிளப்புகளில் இருக்கும் சர்வர்களும் இவரைக் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

"தேதி போட்டியா?"

"போட்டேன்பா."

"ஓரத்துல எடம் விட்டியா?"

"விட்டேன்பா."

அப்பா தேதியைப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். எழுத்து வரிசையாக நிற்கிறதா என்று பார்த்தார். பேனாவை எடுத்துக் கீழே தன் முழுக் கையெழுத்தையும், அதற்குக் கீழே தன் உத்தியோகத்தையும் எழுதினார். பால்காரரின் சீட்டில்கூட உத்தியோகம் எழுதுகிறவர் அவர்.

நோட்டு கோயம்புத்தூர் போனது. ஆடி பிறந்து முதல் வாரம், ஒரு காலையில் கிளப்புக்குப் போனால் அந்த சர்வரைக் காணோம். புது ஆள் ஒருவர் என் இலைக்குச் சாம்பார் ஊற்றும்போது அப்பாவின் கோட்டில் ஒரு கோடு போட்டார்.

"அந்தத் திருவாதவூர்த் தம்பி எங்கய்யா?" என்று அப்பா கல்லாவில் கேட்டார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க செஞ்சது பெரிய உபகாரம் சார். நானும் தெனம் இங்கயே உக்காந்துருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க எப்படித்தான் கண்டுபிடிச்சீகளோ!"

"எதைக் கண்டுபிடிச்சேன்?"

மேனேஜர் மேஜையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்து நீட்டினார். முதலாளி எழுதியது. இரண்டே உத்தரவு. "ஆட்டுக்கல்லை நன்றாகக் கழுவவும். கை நீளமான ஆளை உடனே நிறுத்தவும். சர்க்கார் உத்தியோகஸ்தரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

அப்பாவின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை. அவர் கோட்டை இழுத்துக் கேட்டேன், "கை நீளம்னா நல்லதுதானப்பா?"

மேனேஜர்தான் சொன்னார். "கை நீளம்னா திருட்டுக் கை பாப்பா. அடுத்தவன் பொருள எடுக்குறவனைத்தான் அப்படிச் சொல்லுவாக."

தமிழில் அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. நீளமான கையை நீளமான கை என்று சொல்லக் கூடாது என்றால் வேறு எப்படித்தான் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சர்வர் வெகுதூரம் போயிருக்கவில்லை. கிளப்புக்கு எதிரே ஒரு தையல் கடை. தையல்கார பாய் அவரைப் பட்டன் தைக்க உட்கார வைத்திருந்தார். கிளப்பின் மாடியில்தான் சர்வர் அதுவரை தூங்கினார், கிளப்பில்தான் சாப்பிட்டார். வேலை போனதும் இரண்டும் போயின. வேறு கிளப்பில் சேரலாமே என்று அப்பா கேட்டபோது, சர்வரை மாப்ளை என்று கூப்பிடும் தையல்கார பாய் சிரித்தார்.

"எங்க சார் சேருறது? காலைல காய்கறி மார்க்கெட்டுல எல்லாக் கிளப்பு மேனேஜரும் ஒண்ணாத்தான் டீ குடிக்காக. இந்நேரம் மாப்ளயோட பேரு டவுன் பூராவும் போயிருக்கும். என் தம்பி கொழும்புல கடை வச்சிருக்கான். அங்க அனுப்பிவிடலாம்னு பாக்கேன்."

நான் சர்வரிடம் போய் நின்றேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அவர் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு, "நீயா பாப்பா எழுதுன? நல்லாத்தான எழுதிருக்க. நெசமாத்தான எழுதுன" என்றார். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருஷம் யோசித்தும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

"ஆனா சார், படிச்சவுக படிக்கணும்ல?"

அப்பா திரும்பி நடந்தார். அன்று நாங்கள் மார்க் எதுவும் போடவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் வேடிக்கை. ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் தீர்ந்திருக்கும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தார். கை நீளம் என்பது வசை அல்ல, உண்மையிலேயே அந்த ஆளின் கை நீளமானது, குழந்தை உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறது என்று நிரூபித்துவிடுவது என முடிவு செய்தார். நிரூபணத்துக்கு அளவு வேண்டும். அளவுக்குச் சாட்சி வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் தையல் கடையில் எல்லாரும் கூடினோம். பாய் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். ஒப்பிடுவதற்காக மேனேஜரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் காகிதத்தோடு உட்கார்ந்தேன்.

"தோள்லேருந்து மணிக்கட்டு... இருபத்து மூணரை" என்றார் பாய். பிறகு மேனேஜரை அளந்தார். "இருபத்து நாலேகால்."

அப்பா குனிந்து டேப்பைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை அளங்க பாய்" என்றார் அப்பா.

"எம்புட்டுத் தடவை அளந்தாலும் டேப்பு நீளாது சார்."

மேனேஜர் அவசரமாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "சார், எனக்குத்தான் கை நீளம்னு எழுதிப்புடாதீக. எங்க மச்சான் நம்பிருவாக."

சர்வர்தான் முதலில் சிரித்தார். "கைய அளந்தா எப்படி சார் தெரியும்? காலைப் பாருங்க" என்று எழுந்தார். வெட்டு மேஜையின் முனையில் நின்று, வலது காலைக் கீழ்ச் சட்டத்தில் ஏற்றி வைத்தார். இடுப்பை ஒருபக்கமாக வளைத்தார். தோள் இறங்கியது. கை மேஜையின் மறுமுனையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. மேஜை மேல் கிடந்த ஒரு துணிகூட அசையவில்லை. "சூட்சுமம் இடுப்புல இருக்கு. பந்தியில எல்லாரும் எலையைத்தான் பாப்பாக. எங்காலை யாரு பாக்கப்போறா?"

ஆக, நான் பாராட்டியதும் தவறான உறுப்பை. மற்ற யாராக இருந்தாலும் அங்கேயே விட்டிருப்பார்கள். அப்பா அன்று மாலை மூன்று பக்கத்துக்கு ஒரு மனு எழுதினார். 'உடற்பாங்கை வர்ணிக்கும் முகமாக எழுதப்பட்டது' என்று ஒரு வரி. 'கரம் என்பதை ஈண்டு ஆகுபெயராகக் கொள்க' என்று இன்னொரு வரி. கீழே கையெழுத்து, உத்தியோகம். கோயம்புத்தூரிலிருந்து பதில் இல்லை. பத்து நாள் பொறுத்து, முந்தைய கடிதத்தை நினைவூட்டி இரண்டாவது மனு. அதற்கும் பதில் இல்லை.

நானும் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான மனுக்களைப் படித்திருக்கிறேன். நீளமான மனுவைக் கண்டால் அதில் எந்த வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். அந்த முதலாளியும் அதைத்தான் தேடியிருப்பார் என்று தோன்றுகிறது. விதி நான்கை எழுதியவர் அவர் அல்லவா.

ஆடி முழுக்க நாங்கள் அதே கிளப்பில்தான் சாப்பிட்டோம். வேறு இடம் போவது ஓடிப்போவதாகும் என்று அப்பா நினைத்தார் போலும். கோட்டில் தினம் ஒரு சொட்டு விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை, நோட்டை எடுக்கவும் இல்லை. ஆவணி பிறந்த மறுநாள், சாப்பிட்டு வெளியே வரும்போது தையல்கார பாய் சந்தின் குறுக்கே நடந்து வந்தார்.

"மாப்ளைக்குத் தனுஷ்கோடி வண்டிக்கும் கொழும்புக் கப்பலுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு சார். வார மாசத்துக்குன்னு நெனச்சேன், இந்த மாசம் மூணாவது வாரமே எடம் கெடச்சிருச்சு. பொதன்கெழமை போறான்."

சர்வர் கடை வாசலிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினார். "கொழும்புல நம்மள யாருக்கும் தெரியாது பாப்பா. அந்த ஊருல எனக்கு இருக்குற வசதி அது ஒண்ணுதான்."

வீட்டுக்கு நடக்கும் வழியில் நான் கேட்டேன். "அப்பா, அன்னைக்கு நான் எழுதினதை நீங்க படிச்சீகளா?"

"தேதியைப் பாத்தேன்."

"எழுத்தை?"

"கையெழுத்து நல்லாருந்துச்சு."

"எழுத்தைப்பா."

வீடு வந்துவிட்டது. அவர் கோட்டைக் கழற்றினார். மேஜையில் உட்கார்ந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்தார். வெகுநேரம் எழுதாமல் இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு ஹெட் கிளார்க் அந்த வாக்கியத்தை எழுதுவது என்பது, உங்களுக்குத் தெரியும், வேஷ்டியை அவிழ்த்துவிட்டு வீதியில் நிற்பதற்குச் சமம். தன் கீழ் வேலை செய்தவர்களை இதே தவறுக்காக அவர் தண்டித்திருக்கிறார். கடைசியில் எழுதினார். எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டு, கார்டை என் கையில் கொடுத்தார்.

"முழுசாப் படி. படிச்சு முடிச்சதும் சொல்லு. அப்புறந்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

நான் சத்தமாகப் படித்தேன். "குழந்தை எழுதியதை நான் படிக்காமல் கையொப்பமிட்டேன். விதி நான்கை மீறியவன் நான். அந்த ஆள் நன்றாகப் பரிமாறுகிறார் என்பதே குழந்தை சொல்ல வந்தது. அவர் திருடியதாக நான் அறியேன். அவர் இந்த ஆவணி மூன்றாவது புதன்கிழமை ஊரைவிட்டுப் போகிறார்."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குப்பா."

பெயரை மட்டும் எழுதினார். உத்தியோகத்தை எழுதவில்லை. அதை ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டவள் நான்தான். போட்ட பிறகு, உள்ளே விழுந்துவிட்டதா என்று பெட்டியைத் தட்டியும் பார்த்தேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கிளப்பில் இருந்தோம். ஆபீசுக்குத் தாமதமாகப் போவது என்றால் என்ன என்று அப்பாவுக்கு அந்த இரண்டு வாரத்தில்தான் தெரிந்தது. நானும் பள்ளியில் தினமும் வகுப்புக்கு வெளியே நின்றேன். தையல் கடையில் ஒரு தகரப் பெட்டி வந்து சேர்ந்தது. அதில் சர்வரின் இரண்டு வேஷ்டியை பாய் மடித்து வைப்பதைப் பார்த்தேன்.

பதில் மேனேஜர் பெயருக்கு வந்தது. அப்பா எழுந்து கல்லாவுக்கே போய்விட்டார். இலையில் தோசை அப்படியே கிடந்தது. "உரக்கப் படிங்க" என்றார்.

மேனேஜர் படித்தார். "எழுதியது குழந்தை. அதன் மேல் குற்றமில்லை. பெரியவர் படிக்கவில்லை, இப்போது ஒப்புக்கொண்டுவிட்டார். ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தச் சொன்னது என் குற்றம். அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும். ஆனால் பந்திக்கு அனுப்ப வேண்டாம். திருடன் என்று பெயர் வாங்கினவன் மறுபடி வாளி தூக்கினால், பாவம் என்று சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் ஊர் பேசும். பெயர் அழிய வேண்டுமானால் அவன் கல்லாவில் உட்கார வேண்டும். கல்லாச் சாவியை இன்றே அவனிடம் கொடுக்கவும். நீ..."

மேனேஜர் நிறுத்திவிட்டார்.

"நீ, அப்புறம்?" என்றார் அப்பா.

"நீ உக்கிராண அறையில் பருப்பு மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளவும்." கார்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்னால் விலாசம்தான் இருந்தது. "எங்கக்காவக் கட்டுன மனுசன் எழுதுற எழுத்தா சார் இது?"

நான் சந்தின் குறுக்கே தையல் கடைக்கு ஓடினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சர்வர் எழுந்து வந்தார். சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுக்க மறந்திருந்தார். மேனேஜர் சாவியை நீட்டினார். "உக்காருப்பா" என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் இடம் விட்டு, "உக்காருங்க" என்றார்.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாதவர் உட்காருவதுபோல விளிம்பில் உட்கார்ந்தார். கடைசி மேஜையிலிருந்து யாரோ "சாம்பார்!" என்று கத்தினார்கள். பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் எடுத்து, விரல்களை விரித்து, கல்லாப் பெட்டியின் மூடி மேல், உள்ளே வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். நாங்கள் காபி குடித்து முடிக்கும் வரை அந்தக் கைகள் அங்கிருந்து நகரவில்லை.

அப்பா பில்லைக் கொடுத்தார். பாக்கிச் சில்லறையை அவர் அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "எண்ணிப் பாத்துக்கங்க சார்" என்றார்.

காலணாவைக்கூட இரண்டு தடவை எண்ணுகிறவர் அப்பா. அன்று கையை மூடிக் குனிந்து பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். எதையும் சரிபார்க்காமல் அவர் செய்த காரியங்களில் எனக்குத் தெரிந்து சரியானது அது ஒன்றுதான்.

எதிர்க் கடையில் பாய் தகரப் பெட்டியைத் திறந்து வேஷ்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். டிக்கெட் புதன்கிழமைக்கு. பதில் வந்தது ஆவணி மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை.